ஏழு அடி இரண்டு அங்குலம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். பதினோரு தடவை அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது தடவைக்கு மானம் இடம் தரவில்லை. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு சொந்த அக்காவுக்குத் தபால் போடுகிறவன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இது தம்பியாக எழுதுவது. நகராட்சிக் கட்டடப் பிரிவிலிருந்து இன்னொரு கடிதம் வரும். 'தங்களுக்கு இதன்மூலம் அறிவிப்பது யாதெனில்' என்று ஆரம்பித்திருக்கும். கீழே என் கையெழுத்து இருக்கும். அதைப் பார்த்து நீ பதறக் கூடாது என்றுதான் இதை முந்தி அனுப்புகிறேன்.

விஷயம் உன் வேலி. ஜனவரி நடுவில் நீ அதை உயர்த்திவிட்டாய் என்று ஒரு புகார் வந்து, ஆய்வாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஏழு அடி இரண்டு அங்குலம், முழுக்கத் தகரம், மேலே முள்கம்பி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தெருவைப் பார்த்த வேலி நாலு அடிக்கு மேல் போகக் கூடாது, அக்கா. உன்னுடையது மூலைவீடு வேறு. திருப்பத்தில் மூன்று அடிக்கு மேல் எது இருந்தாலும் ஊடே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். முள்கம்பி கூடவே கூடாது. இருபத்தொரு நாள் அவகாசம். ஆள் வேண்டுமென்றால் நானே அனுப்புகிறேன், அரை நாள் வேலைதான். புகார் கொடுத்தது யார் என்று கேட்காதே. அதை நான் பார்ப்பதில்லை. அளவு மட்டும்தான் என் மேசைக்கு வரும்.

உன் பெண் ரேடியோ எப்படி இருக்கிறாள்? டிசம்பர் கடைசியில் உன்னிடம் வந்தவள் இன்னும் திரும்பவில்லையாமே. போன வாரம் மாப்பிள்ளையை எங்கள் ஆபீஸ் வாசலில் பார்த்தேன். ஏதோ சான்றிதழ் வாங்க வந்தாராம். ஆள் இளைத்துப் போயிருக்கிறார். கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. சின்னச் சின்ன மனஸ்தாபத்தை நீதான் பெரியவளாக இருந்து தீர்த்துவைத்து அனுப்ப வேண்டும்.

கோபப்படாமல் பதில் எழுது.

என்றும் உன்
சின்னவன்


பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தபால்காரர் ஒரு கையில் தம்பியையும் இன்னொரு கையில் அதிகாரியையும் நீட்டினார். அதிகாரியின் கையெழுத்து நன்றாக இருந்தது. தம்பியுடையது வழக்கம்போலக் கோழி கிளறியதுதான்.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. பேசினால் நீ குறுக்கே பேசுவாய். எழுதினால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வேலியை இறக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசி வரி வரைக்கும் ஆசையோடு படிக்க வேண்டாம்.

உங்கள் ஆய்வாளர் வந்தபோது தனி ஆளாக வந்தார் பாவம், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. நான்தான் பிடித்தேன். முப்பது வருஷமாகச் சோபாவுக்கும் பஸ் சீட்டுக்கும் உறை தைத்துக்கொண்டிருக்கிறேன், அளவு எடுக்க எனக்கா தெரியாது? "ஏழு ரெண்டுங்க, சரியா எழுதுங்க, ஒரு அங்குலம்கூடக் கொறைக்காதீங்க" என்றேன். அவர் முழித்தார்.

அவர் போன பிறகு அதே டேப்பை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தேன். கான்டிராக்டர் வீட்டு மதில் எட்டரை அடி, மேலே ஈட்டி. டாக்டர் வீட்டில் ஏழே கால், மேலே கண்ணாடிச் சில்லு. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கும் குடோனில் எத்தனை அடி என்று பார்க்க என் டேப் எட்டவில்லை. இவர்களுக்கெல்லாம் நீ எப்போது கடிதம் எழுதினாய்? அவர்களுக்குத் தம்பி இல்லை என்பதால் விட்டுவிட்டாயா?

ரேடியோ நன்றாக இருக்கிறாள். ஆனால் பாடவில்லை. வாய் மூடாமல் பேசிப் பேசித்தானே சின்ன வயதில் நீ அந்தப் பெயர் வைத்தாய்? இப்போது வந்து பார்த்தால் வேறு பெயர் வைப்பாய்.

ஆள் அனுப்பாதே. அனுப்பினால் பட்டறையில் கத்தரி நிறைய இருக்கிறது.

இப்படிக்கு
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தது என் தப்பு. பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கான்டிராக்டர் வீட்டு மதிலைப் பற்றிப் புகார் வரவில்லை. வந்தால் அவருக்கும் இதே கடிதம்தான் போகும். நீ நம்ப மாட்டாய், ஆனால் அதுதான் உண்மை.

இந்த விதி ஏதோ நாற்காலியில் உட்கார்ந்தவன் பொழுது போகாமல் எழுதியது என்று நினைக்கிறாய். நாலு வருஷத்துக்கு முன்பு மருத்துவமனைத் தெருவில் ஒரு மூலைவீட்டு மதிலால் வேன்காரருக்குத் திருப்பம் தெரியவில்லை. எதிரே சைக்கிளில் வந்தது ஒன்பது வயதுப் பெண் குழந்தை. அந்த அறிக்கையை எழுதியவன் நான். மதில் எட்டு அடி என்று நானே அளந்தேன். அளக்கும்போது கீழே ஒரு சின்ன செருப்பு கிடந்தது. அதன் பிறகுதான் திருப்பத்தில் மூன்று அடி என்று விதி வந்தது. உன் வீட்டு மூலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்புகிறார்கள், அக்கா. அதை நினைத்துப் பார்.

என் நிலைமையையும் நினைத்துப் பார். அக்கா வீட்டுக்கு ஒரு அளவு, ஊருக்கு ஒரு அளவு என்று பேச்சு வந்தால் நான் நாளைக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்க முடியும்?

அப்படி என்ன ஆபத்து வந்துவிட்டது உனக்கு? திருட்டு பயமா? இருபத்தைந்து வருஷம் இடுப்பளவு வேலியோடு இருந்தவள்தானே? ஏன் திடீரென்று இப்படி? ஏன் என்றாவது சொல்.

ரேடியோ விஷயத்தில் நீ என்மேல் மனக்குறையோடு இருக்கிறாய் என்று தெரியும். என் பேச்சைக் கேட்டுத்தான் அந்தக் கல்யாணம் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் சொன்னேன். குடிக்க மாட்டார், நல்ல வேலை, அதிர்ந்து பேச மாட்டார். வேறென்ன வேண்டும்?

உன்
சின்னவன்


பிப்ரவரி 15

தம்பிக்கு,

ஏன் என்று இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாய். அதனால் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்று ரேடியோ என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "மாமாவே கேக்கறாருன்னா சொல்லும்மா" என்று விட்டுவிட்டாள்.

அவன் அதிர்ந்து பேச மாட்டான்தான். நீ விசாரித்தது சரி. அவன் மணி பார்ப்பான். பல் செட் செய்கிற லேபில் வேலை முடித்து அவள் வீட்டுக்கு நடந்தால் பதினெட்டு நிமிஷம். பத்தொன்பதாவது நிமிஷம் போன் வரும். "எந்தத் தெருவுல இருக்கே? பக்கத்துல என்ன சத்தம்?" அப்புறம் போனை வாங்கி அவனே வைத்துக்கொண்டான். அப்புறம் லேபுக்குப் போக வேண்டாம் என்றான். அப்புறம் வெளியே கிளம்பும்போது வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தான். கேட்டால் திருட்டு பயமாம். நீ என்னைக் கேட்ட அதே வார்த்தை.

டிசம்பரில் அவள் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு மூன்று நாள் பூட்டிய வீட்டுக்குள் கிடந்தாள். லேப் நடத்தும் மேடம் சந்தேகப்பட்டுத் தேடிப்போய், ஜன்னல் வழியாகப் பார்த்து, பூட்டுத் திறக்கிறவரை அழைத்துவந்து வெளியே கொண்டுவந்தார். எனக்கு அன்று மத்தியானம்தான் தெரியும். பெற்றவளுக்கு.

உனக்கு அதற்கு முன்பே தெரியும். செப்டம்பரில், லேபுக்குப் போய்க்கொண்டிருந்த கடைசி வாரத்தில், அங்கிருந்து உன் ஆபீசுக்கு அவள் போன் செய்தாள். "மீட்டிங்ல இருக்கேம்மா. புதுசுல அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு இருக்கிறது. என்னிடம் ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா எவ்வளவு விவரம் தெரிஞ்சவரு. அவரே அப்படிச் சொன்னப்போ, நான்தான் தப்பா நெனைக்கிறேனோன்னு தோணிடுச்சும்மா" என்றாள். அதைக் கேட்ட நாளிலிருந்துதான் உன் போனை எடுப்பதில்லை.

இப்போது வேலிக்கு வருகிறேன். ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து தினமும் சாயங்காலம் நாலே முக்காலுக்கு அவன் வருவான். எதிர்ப்புற விளக்குக் கம்பத்தில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். கத்த மாட்டான், திட்ட மாட்டான், கேட்டைக்கூடத் தொட மாட்டான். பார்த்துக்கொண்டே இருப்பான். போனைத் தூக்கிப் படம் எடுப்பான். இடுப்பளவு வேலி, பட்டறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் என் பெண் நாலரை மணியானால் மெஷினுக்குக் கீழே ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள். ஆறு மணி வரை தேடுவாள்.

காவல் நிலையத்துக்குப் போனேன். "தெருவுல நிக்கறது குத்தமில்லீங்களே" என்றார்கள். "கையை கிய்யை நீட்டினா வாங்க" என்றார்கள்.

சரி, தெருவில் நிற்பது அவன் உரிமையென்றால் என் வீட்டைச் சுற்றித் தகரம் அடிப்பது என் உரிமை என்று வந்துவிட்டேன். ஏழு அடி இரண்டு அங்குலம் ஏன் தெரியுமா? அவன் வண்டிமேல் ஏறி நின்றால் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டேன். வேலி நின்ற மறுநாள் ரேடியோ தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் வந்து நின்று முடி உலர்த்தினாள். பதினாறு நாள் கழித்து.

உன் விதிப்புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் அடிக்கணக்கு இருக்கிறதே, இதற்கு எத்தனை அடி என்று பார்த்துச் சொல்.

அந்தச் சைக்கிள் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் வேலியை இறக்க மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த போன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல ஆசையாக இருந்தது.

இன்று காலையில் வழக்கத்துக்கு மாறாக உன் ஃபைலில் புகார்த் தாளை எடுத்துப் பார்த்தேன். கொடுத்தது அவன்தான். அன்றைக்குச் சான்றிதழ் வாங்க வந்தேன் என்று ஆபீஸ் வாசலில் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னானே, அன்றைய தேதி. 'பொதுமக்கள் நலன் கருதி' என்று எழுதியிருக்கிறான். கூடவே பதினான்கு படங்கள். பழைய வேலி, புதிய வேலி, வித்தியாசம் தெரிய வேண்டுமாம். பழைய வேலி இருக்கும் படங்கள் ஒன்பது. ஒன்பதிலும் வேலியைவிட ஜன்னல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் நேரமும் இருக்கிறது. ஒன்றில் ரேடியோவின் முதுகு மட்டும் தெரிகிறது.

என் கையெழுத்தைத்தான் அவன் ஏணியாகப் பயன்படுத்தியிருக்கிறான். நானும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அக்கா, இதை நேரில் சொல்லக்கூட வாய் வராது, எழுதிவிடுகிறேன். இந்த ஃபைலை என்னால் அலமாரியில் அடியில் போட்டுவிட முடியும். மறு ஆய்வு என்று ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு வருஷத்துக்கு யாரும் தேட மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் நான் இதைச் செய்ததில்லை. உனக்குச் செய்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

சின்னவன்


பிப்ரவரி 22

தம்பிக்கு,

வேண்டாம்.

உன் தயவில் எனக்கு ஏழு அடி வேண்டாம். அந்த ஃபைல் அலமாரியில் இருக்கிற வரைக்கும் அவனும் எதிர்க் கம்பத்தில் இருப்பான். அவனுக்குத் தெரியும் நீ மறைத்தாய் என்று. அதை வைத்து உன்னையும் ஆட்டுவான். போதும், எங்கள் வீட்டில் ஒருத்தியை ஆட்டியது.

எனக்கு வேண்டியது வேறு. நோட்டீஸ் வாங்கியவர் புகாரின் நகலையும் அதோடு இணைத்த எல்லாவற்றையும் கேட்டுப் பெறலாம், நேரில் விசாரணையும் கேட்கலாம் என்று உங்கள் விதி பதினொன்று சொல்கிறது. நோட்டீசின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். ரேடியோதான் கண்டுபிடித்தாள். சீட் உறைக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தவள் நோட்டீசை எடுத்து விளக்கடியில் பிடித்து, விதி ஒன்றிலிருந்து பதினான்கு வரைக்கும் சத்தமாகப் படித்தாள். பாதியில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வீட்டில் இரண்டு மாதமாக அவ்வளவு நீளமாக யாரும் பேசவில்லை.

பதினான்கு படமும் நிறம் மங்காமல், முத்திரை வைத்து வேண்டும். விண்ணப்பம் இதோடு இருக்கிறது. அதிகாரிக்கு எழுதியது, தம்பிக்கு அல்ல. 'ஐயா' என்று போட்டிருக்கிறேன், சிரிக்காதே.

விசாரணைக்கு அவள் வருகிறாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. "நீ வர வேண்டாம், நான் பேசிக்கறேன்" என்றுதான் சொன்னேன். "உனக்கு வேலியப் பத்திதாம்மா தெரியும்" என்றாள்.

நீ ஒன்று செய்யலாம். அந்த அறையில் உட்காரும்போது நீ யார் என்று எல்லோர் முன்பும் சொல். அதிகாரி வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நான் அங்கேயே டேப்பை எடுத்து உன்னை அளப்பேன்.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று விசாரணையில் நீயும்தான் இருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து அவன் முகம் தெரிந்தது, உனக்கு முதுகுதான் தெரிந்திருக்கும்.

இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய ஒரு துண்டுப் பேப்பரோடு வந்திருந்தான். என்னைப் பார்த்து "வணக்கம் மாமா" என்றான். விசாரணை நடத்திய கமிஷனர் அம்மா உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்று, "நோட்டீஸ் வாங்கினவங்க என் அக்கா. புகார் குடுத்தவரு, நான் சொல்லி என் அக்கா மகளுக்குக் கட்டிவச்ச மாப்பிள்ளை. இந்த ஃபைல்ல நான் கையெழுத்துப் போட்டதே தப்பு. விலகிக்கறேன்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் ரேடியோ பேசினாள். அந்த நேரம் அவன் முகம் இருந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக வந்திருந்தான். பரிதாபமான ஒரு சிரிப்பைக்கூட உதட்டில் வைத்திருந்தான். அவளோ படங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள், லேபில் பல்லை வரிசை வைப்பாளே, அப்படி.

"இந்தப் படத்தை எங்க நின்னு எடுத்தீங்க?"

"ரோட்லதான். பப்ளிக் ரோடு."

"எத்தனை மணிக்கு?"

"அதுலயே போட்டிருக்குமே. நாலு அம்பது."

"இது?"

"அஞ்சே கால்."

"இது மறுநாள். இது அதுக்கு மறுநாள். தினமும் வந்தீங்களா?"

"ஆமா, தினமும் வருவேன். என் பொண்டாட்டி இருக்கற எடம், நான் வருவேன், பாப்பேன். யார் கேக்கறது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. கமிஷனர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேலி கட்டினது பதினேழாம் தேதி. உங்க முதல் படம் ரெண்டாம் தேதி. அப்போ எந்த வேலியைப் பத்திப் புகார் பண்ண நின்னீங்க?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு அவன் முகத்திலேயே வழி தெரியாமல் நின்றது.

நீங்கள் கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. படங்களின் நகலும், அவன் வாயால் சொன்னதும், முத்திரையோடு காவல் நிலையத்துக்குப் போயிருக்கின்றன. இன்று காலை அங்கே போய் நானும் வாக்குமூலம் கொடுத்தேன். செப்டம்பர் போனையும் சேர்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்ட ஏட்டு, "அப்ப நீங்க ஒண்ணும் பண்ணலியா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஆனால் அக்கா, உத்தரவு உத்தரவுதான். பதினைந்து நாளில் வேலி இறங்க வேண்டும். புகார் கொடுத்தவன் அயோக்கியன் என்பதால் திருப்பம் தெரிந்துவிடாது என்று கமிஷனர் அம்மா சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. நீ கேட்ட கேள்விக்கும் பதில் பார்த்தேன். அதற்கு எங்கள் புத்தகத்தில் அடிக்கணக்கு இல்லை. வேறு புத்தகத்தில் இருக்கிறது, அங்கேதான் இப்போது அனுப்பியிருக்கிறோம். தெருக்கோடி வரை அளந்த பதினெட்டு வீட்டுப் பட்டியலை நீ கமிஷனர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அதையும் பதிவு செய்துவிட்டார்கள். கான்டிராக்டர் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

என்னை மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? தகரம் கழற்ற ஒரு ஆள் கூட இருந்தால் நல்லதுதானே.

உன்
சின்னவன்


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டதற்கு நான் பதில் போடவில்லை. நீயும் வரவில்லை. வராததில் உனக்கு ஒரு மதிப்பெண்.

வேலி இறங்கிவிட்டது. உன் சட்டத்துக்குப் பயந்து இறக்கவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள். கடைசி நாள் வரைக்கும் நான் இறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பிடித்து உள்ளே போடட்டும், அங்கேயும் நாற்காலிக்கு உறை தைக்க ஆள் வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரேடியோதான் ஒரு காலையில் தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"என்னடி பண்றே?"

"கழட்றேன். இது இருக்கறதால அவன் போயிட்டானாம்மா? அங்கதான் நிக்கறான். நாமதான் அவனப் பாக்கல. தெருவுல இருக்கறவங்களுக்கும் நாம தெரியல. உள்ள என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு."

முப்பது வருஷமாக அளவெடுக்கிறவள், என் பெண்ணை எங்கே அடைத்தேன் என்று அளந்து பார்க்கவில்லை. நானும் பிளையரை எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டு டிரைவர் அண்ணன், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், சத்தம் கேட்டு ரம்பத்தோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை நாளாம்மா நிக்கறான் அவன்? உங்க தகரத்தப் பாத்து, நீங்க யாரோடயும் பேச விரும்பலேன்னு நெனச்சுட்டேன்" என்றார். அவர் ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்தக் கம்பம். இரண்டரை மாதம் நின்றிருக்கிறான், யாரோ யாருக்கோ காத்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

நாலு அடி வரை வைக்கலாம், திருப்பத்தில் மட்டும் மூன்று என்கிறது உன் விதி. ரேடியோ வீட்டைச் சுற்றி மூன்று அடியில் ஒரே கோடாகப் போட்டாள். "நாலு அடி இருக்கட்டுமே" என்றேன். "எனக்கு மூணு போதும்" என்றாள். முள்கம்பியைச் சுருட்டி எடைக்காரரிடம் கொடுத்தாயிற்று.

அன்று சாயங்காலமும் அவன் வந்தான். போலீஸ் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்கள், தெரியும். இருந்தும் வந்தான். வேலி இறங்கியதைப் பார்த்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி வண்டியில் சாய்ந்துகொண்டு போனைத் தூக்கினான். நான் எழுந்திருக்கப் போனேன், அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டு, கையில் இருந்த நூலைக்கூட வைக்காமல் வேலி வரைக்கும் நடந்து போனாள். குனியவில்லை. முந்தானையை இழுத்துவிடவில்லை.

"என்ன வேணும்?"

தெரு முழுக்கக் கேட்டது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னான். பேசலாம், தனியாக, என்கிற மாதிரி.

"காது கேக்கல. சத்தமாச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

டிரைவர் அண்ணன் வெளியே வந்தார். அவர் மனைவி வந்தார். டாக்டர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள். யாரும் அவனைத் தொடவில்லை, திட்டவில்லை. அவன் இத்தனை நாள் எங்களைப் பார்த்தானே, அதேபோலப் பார்த்தார்கள். மூன்று நிமிஷம் தாங்கவில்லை அவன். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நாலு உதை உதைத்தான். அதன் பிறகு டிரைவர் அண்ணன் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, பெயர் கொடுத்து, சாட்சி நானே என்றார். அடுத்த வாரம் கோர்ட்டுக்குப் போகிறோம். விவாகரத்து மனுவும் போட்டாயிற்று. திரும்பவும் வரலாம் அவன். வந்தால் தெரியும், இப்போது எல்லாம் தெரிகிறது.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். நாலே முக்கால் ஆனால் இன்னும் கை தையலில் கோணுகிறது. ஆனால் டிப்போவிலிருந்து வரும் பஸ் சீட்டுகளைக் கேட்டைத் திறக்காமலேயே வேலிக்கு மேலாக நீட்டி வாங்கிக்கொள்கிறோம், அந்த மட்டில் சௌகரியம்தான். லேப் மேடம் திங்களிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார். போகிறாள். நடந்தே போகிறேன் என்கிறாள், எத்தனை நிமிஷம் ஆனால் என்ன என்கிறாள்.

இப்போது உன் விஷயம். என்னை மன்னித்துவிடு என்று எனக்கு எழுதியிருக்கிறாய். என் மன்னிப்பு உனக்கு எதற்கு? நீ என் போனைப் பாதியில் வைக்கவில்லை. அறையில் எழுந்து நின்று சொன்னாய், ஏட்டிடம் சொன்னாய், எல்லாம் கேள்விப்பட்டேன். நல்லது. அவற்றை நீ செய்திருக்க வேண்டியதுதான். அதற்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பேன் என்று நினைக்காதே.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அவள் பெயர் போட்டு, தனி உறையில். விதி எண் எதுவும் வேண்டாம், உன் நிலைமை என்ன என்பதும் வேண்டாம். நீ வீட்டுக்கு வரலாமா என்பதை அவள்தான் சொல்வாள், நான் சொல்ல மாட்டேன்.

பதில் போடுவாளா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அக்கா